வீடு புகுந்த ஆமை

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். அமீனா என்றால் கோர்ட்டு உத்தரவோடு வந்து பண்டம் பாத்திரங்களை ஜப்தி செய்கிறவர். அவர் வந்து போன வீடு ஏன் உருப்படாது என்று கேட்கத் தேவையில்லை. ஆனால் ஆமை என்ன பாவம் செய்தது? மேடையில் பேசுகிறவர்கள், "அது இந்த ஆமை அல்ல, பொறாமை, கல்லாமை, இல்லாமை!" என்று சமத்காரமாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குவார்கள்.

இப்போது காலம் தலைகீழாகிவிட்டது. ஆமை வந்தால் அதிர்ஷ்டம் வரும் என்கிறார்கள். கடைக் கல்லாவில் பித்தளை ஆமை உட்கார்ந்திருக்கிறது. வரவேற்பு அறையில் கண்ணாடித் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் பொம்மை ஆமை வைக்கிறார்கள். பொம்மையோடு நின்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. சிலர் உயிருள்ள ஆமையையே வாங்கி வந்துவிடுகிறார்கள். அதைப் பற்றித்தான் நான் சொல்ல வந்தேன்.

ஆமை புகுந்த வீடு உருப்படுமா, உருப்படாதா என்பதை ஜோசியர்களிடம் விட்டுவிடுகிறேன். வீடு புகுந்த ஆமை உருப்படுவதில்லை. இதை நான் ஆரணியில் கண்ணால் கண்டேன்.

பாவு நீட்டிய தெருவில்

பட்டு நெசவைப் பற்றி எழுதுவதற்காக ஆரணிக்குப் போயிருந்தேன். காலை ஆறு மணி. தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் தொடங்கி ஏழெட்டு வீடு தாண்டிப் பட்டு இழைகள் போயின. ஆணும் பெண்ணுமாக ஐந்தாறு பேர் இருபுறமும் நின்று கஞ்சி தெளித்து இழைகளை நீவிக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்று ஒரு பெரியவரைக் கேட்டேன்.

"வெயில் ஏறிட்டா கஞ்சி ஒரேயடியா காஞ்சுடும் ஐயா. இழை மொடமொடன்னு ஆயிடும். வெயிலே இல்லேன்னாலும் ஆகாது, காயாது. இந்த இளவெயில்தான் கணக்கு" என்றார்.

பிறகு தம் வீட்டுத் தறியைக் காட்டினார். குழித்தறி. நெய்கிறவரின் கால் இருக்கும் குழியில் மண்ணின் குளுமை இருந்தது. அந்த ஈரம் மேலே உள்ள பாவுக்கு நல்லதாம். ஆடிக் காற்றில் இழை காய்ந்து பட்டுப் பட்டென்று அறும். ஐப்பசி மழையில் பாவு தொய்ந்துபோகும். காற்றடிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்துகிறார். புழுக்கமான நாளில் திறக்கிறார். உஷ்ணமானி, ஈரப்பதமானி ஒன்றும் அவர் வீட்டில் கிடையாது. விரல் நுனியில் இழையைத் தொட்டே சொல்லிவிடுகிறார்.

நான் வியந்துகொண்டிருந்தபோது, அவருடைய பேரன், எட்டு வயதுப் பையன், ஒரு பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கி வந்தான். "மாமா, எங்க ஆமையைப் பாருங்க!" என்றான்.

உள்ளே ஒரு நட்சத்திர ஆமை. உள்ளங்கை அளவு. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்திருந்தன. அழகுதான். ஆனால் ஓட்டின் ஒவ்வொரு கட்டமும் தனித்தனிக் கோபுரம் போலத் துருத்திக்கொண்டு நின்றது. இந்த ஜாதிக்கு இயற்கையிலேயே கொஞ்சம் மேடு உண்டு. இது அப்படி இல்லை. ஓட்டின் விளிம்பை மெதுவாக அமுக்கினேன். பழைய ரொட்டித் துண்டு போல அமுங்கிற்று. கண் பாதி மூடியிருந்தது. முன்னங்காலை ஊன்றி எழ முயன்றது. முடியவில்லை.

யாரோ உறவினர் வெளியூரிலிருந்து வாங்கி வந்தாராம். தறி வீட்டில் பரணுக்குக் கீழே இருட்டு மூலையில் வைத்திருக்கிறார்கள். சோறும் தக்காளியும் தின்னக் கொடுக்கிறார்கள். "வெளிச்சத்துக்கு லைட்டு போட்டிருக்கோம்" என்று பையன் பெருமையாகச் சொன்னான். அது மீன் தொட்டிக்குப் போடும் நீல விளக்கு.

அந்த வீட்டில் யாரும் கொடியவர்கள் அல்லர். பெரியவர் பட்டு இழைக்குப் பார்க்கும் பக்குவத்தில் கால் பங்கு அந்த ஆமைக்குப் பார்த்திருந்தால் அதன் கதி இப்படி ஆகியிராது. பார்க்க வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. விற்றவன் சொல்லவில்லை. அவன் ஏன் சொல்லப்போகிறான்?

உடம்புக்குள் அடுப்பு இல்லை

நமக்கும் மாட்டுக்கும் கோழிக்கும் உடம்புக்குள்ளேயே ஓர் அடுப்பு எரிகிறது. தின்னும் சோறுதான் அதற்கு விறகு. மார்கழியானாலும் சித்திரையானாலும் நம் தேகத்தின் சூடு ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கிறது. ஆமைக்கு அந்த அடுப்பு கிடையாது. வெளியே என்ன சூடோ, அதன் உடம்பிலும் கிட்டத்தட்ட அதே சூடுதான். குளிர்ந்துபோனால் அதற்குப் பசிக்காது. தின்றது செரிக்காது. நோய் வந்தால் எதிர்க்கும் சக்தியும் குறைந்துவிடும்.

ஆகவே ஆமை நடந்து நடந்து தன் சூட்டைச் சரி செய்துகொள்கிறது. காலையில் வெயிலுக்கு வரும். முதுகு காய்ந்ததும் மேயப் போகும். உச்சி வேளையில் புதருக்கடியில் பதுங்கிவிடும். மாலையில் மறுபடி வரும். காட்டில் அதற்கு இதுதான் பிழைப்பு.

18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கில்பர்ட் ஒயிட் என்று ஒரு பாதிரியார் இருந்தார். செல்போர்ன் என்னும் கிராமத்துக்காரர். 1780-ல் அவருடைய தோட்டத்துக்கு ஓர் ஆமை வந்து சேர்ந்தது. பெயர் திமோதி. ஆண் என்றே எண்ணி வளர்த்தார். செத்த பிறகுதான் அது பெண் என்று தெரிந்தது! அந்த ஆமை இலையுதிர் காலத்தில் சுவரோரம் போய், ஓட்டைச் சாய்த்து நிறுத்தி, மங்கலான வெயிலையும் விடாமல் வாங்கிக்கொண்டது என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். குளிர் முற்றினால் மண்ணைத் தோண்டி உள்ளே போய்விடுமாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதன் ஓடு இன்றும் லண்டன் மியூசியத்தில் இருக்கிறது.

தொட்டிக்குள் இருக்கும் ஆமை எங்கே போய்ச் சாயும்? நாலு பக்கமும் ஒரே சூடு, அல்லது ஒரே குளிர். அதனால்தான், ஆமை வளர்க்கும் இடத்தில் ஒரு பக்கம் சூடாகவும் ஒரு பக்கம் குளுமையாகவும் இருக்க வேண்டும் என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். நட்சத்திர ஆமை போன்ற வறண்ட நாட்டு ஆமைகளுக்கு வெயில் காயும் மூலையில் 32 முதல் 35 டிகிரி வரை இருக்கலாம். நிழல் மூலையில் 25-க்குச் சற்று மேலே இருந்தால் போதும்.

"எங்கள் ஊரில் சூட்டுக்கு என்ன பஞ்சம்?" என்று ஆரணிக்காரர்கள் கேட்பார்கள். நியாயந்தான். அங்கே பஞ்சம் நிழலுக்குத்தான். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் அது. ஆமையின் உடம்புச் சூடு அந்த அளவுக்கு ஏறினால் உயிர் தங்காது. "ஆமைக்கு வெயில் நல்லது" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தொட்டியோடு மொட்டைமாடியில் வைத்துவிட்டுச் சமையலைக் கவனிக்கப் போகிறவர்கள் உண்டு. கண்ணாடித் தொட்டியானால் அது இன்னும் மோசம். வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டியும் இட்லிப் பானையும் ஒன்றுதான். திரும்பி வந்து பார்ப்பதற்குள் ஆமை வெந்துபோயிருக்கும்.

வெயில் ஒரு மருந்து

சூடு மட்டும் கிடைத்தால் போதுமா? போதாது. அந்தப் பையனின் ஆமைக்கு ஓடு ஏன் ரொட்டியாயிற்று என்பது இங்கேதான் இருக்கிறது.

வெயிலில் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் உண்டு. புற ஊதாக் கதிர் என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதில் ஒரு பிரிவு தோலில் படும்போது, தோலுக்குள்ளேயே டி வைட்டமின் உண்டாகிறது. இந்த டி வைட்டமின் இருந்தால்தான், தின்ற உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடம்பில் சேரும். ஆமையின் ஓடு வெறும் கவசம் அல்ல. அதன் முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்துதான் ஓடாக ஆகியிருக்கின்றன. எலும்புக்குச் சுண்ணாம்பு இல்லையென்றால் ஓடு இளகும். கால் வளையும். தாடை மெலிந்து தின்ன முடியாமல் போகும். புகை மூடிய பழைய ஐரோப்பிய நகரங்களில் வெயில் காணாத குழந்தைகளுக்குக் கால் வளைந்ததும் இதே காரணத்தால்தான். (பகல் முழுவதும் தறிக்குழியில் உட்காருகிறவர்களுக்கும் கொஞ்சம் வெயில் வேண்டும். அதை வேறொரு ஞாயிற்றுக்கிழமை பேசலாம்.)

இந்தக் கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. ஆகவே ஜன்னலோரம் வைத்த ஆமைக்குச் சூடு கிடைக்கும், மருந்து கிடைக்காது. மீன் தொட்டி விளக்கிலும் வீட்டுக் குழல் விளக்கிலும் இந்தக் கதிர் இல்லை. நீலமாக எரிந்தால் புற ஊதா என்று அர்த்தம் அல்ல. நீலம் நம் கண்ணுக்குத் தெரிகிறது. புற ஊதா தெரியாது.

இதற்கென்றே தனி விளக்குகள் உண்டு. வெயில் குறைந்த தேசங்களில் அதை வாங்கி மாட்டுகிறார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஆனால் உள்ளிருக்கும் புற ஊதா மெல்ல மெல்ல வற்றிவிடும். ஆகவே ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு முறை, எரிகிற விளக்கையே கழற்றிப் போட்டுப் புதிது மாட்ட வேண்டும். எரிகிற பல்பைக் கழற்றிப் போட நம் வீடுகளில் யாருக்கு மனம் வரும்? விளக்குக்கும் ஆமைக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. எட்ட வைத்தால் பலன் இல்லை. கிட்ட வைத்தால் கண் கெடும், முதுகு பொசுங்கும்.

ஈரத்தைப் பற்றி ஒரு தப்பெண்ணம்

வறண்ட காட்டு ஆமைக்கு ஈரம் ஆகாது என்று வெகு காலம் எண்ணியிருந்தார்கள். ஓடு கோபுரம் கோபுரமாக எழுவதற்கு, புஷ்டியான தீனி கொடுத்ததே காரணம் என்றும் சொன்னார்கள். ஆஸ்திரியா தேசத்து வியன்னாவில் ஆப்பிரிக்க ஆமைக் குஞ்சுகள் 50-ஐ ஐந்து மாதம் வளர்த்துப் பார்த்தார்கள். சிலவற்றைக் காய்ந்த இடத்திலும் சிலவற்றை ஈரமான இடத்திலும் வைத்தார்கள். தீனியையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 2003-ல் முடிவை வெளியிட்டார்கள். காய்ந்த இடத்தில் வளர்ந்தவற்றுக்கே கோபுரம் அதிகம் எழுந்தது. தீனியின் பங்கு சொற்பமே.

யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. கோடையில் ஒரு புதருக்கடியில் கை வைத்துப் பாருங்கள். மேலே மண் சுடும். வேரடியில் குளுமை இருக்கும். ஆமைக்குஞ்சு பகலெல்லாம் அந்த வேரடியில்தான் கிடக்கிறது. மழைக் காலத்தில்தான் நன்றாக மேய்கிறது. வறண்ட நாட்டுப் பிராணிதான். ஆனால் அது தேடிப் போவது அந்த வறட்சியிலும் ஈரமான மூலையை. குழித்தறியின் குளுமை பாவுக்கு எப்படியோ, அப்படி.

குளிர்ந்த ஈரம் மட்டும் கூடாது. மழை நாளில் நனைந்த சாக்கின்மேல், சூடும் இல்லாமல், இரவெல்லாம் கிடந்தால் ஆமைக்கு மார்ச்சளி பிடிக்கும். மூக்கில் நீர் குமிழியிடும். வாயைத் திறந்து மூச்சு விடும். அந்த நிலைக்குப் போனால் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. ஆமை வைத்தியம் தெரிந்த மருத்துவர் எல்லா ஊரிலும் இருப்பதில்லை.

அப்படியானால் எப்படித்தான் வளர்ப்பது?

நட்சத்திர ஆமையை வளர்க்கவே கூடாது. சட்டம் அப்படி. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காப்பாற்றுகிறது. அந்தச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. இப்போது நட்சத்திர ஆமை, புலியும் யானையும் உள்ள முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. குற்றம் ருசுவானால் 3 முதல் 7 வருஷம் வரை சிறை. அதோடு 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாத அபராதம். சுத்தமாக இருக்கட்டும் என்று கிணற்றில் பிடித்து விடுகிறோமே, பால் ஆமை, அதுவும் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது.

ஒரு சின்ன ஆமைக்கு இவ்வளவு தண்டனையா என்று கேட்கலாம். 2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆந்திர-கர்நாடக எல்லையில் ஒரே ஒரு வியாபாரக் கேந்திரத்தின் வழியாக மட்டும் வருஷத்துக்குக் குறைந்தது 55 ஆயிரம் நட்சத்திர ஆமைகள் போயின என்று கண்டுபிடித்தார்கள். துணியில் சுற்றிப் பெட்டியில் அடைத்து அனுப்புகிறார்கள். சென்னை விமான நிலையத்தில் எத்தனையோ முறை பிடிபட்டிருக்கின்றன. 2019-ல் உலக நாடுகள் கூடி இந்த ஆமையின் சர்வதேச வியாபாரத்தையே தடை செய்தன. நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் ஒன்று, அந்தப் பெட்டியிலிருந்து தவறி நம் பக்கம் விழுந்த ஒன்றுதான்.

சிலர் ஆப்பிரிக்க ஆமைகளை வளர்க்கிறார்கள். அதற்குத் தடை இல்லை. ஆனால் 2024-ல் வந்த விதிகளின்படி அரசாங்கத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். வாங்கும்போது அந்த ஆமை எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கும். வளர்ந்தால் 40 கிலோவுக்கு மேலே போகும்! ஐம்பது வருஷத்துக்கு மேலும் இருக்கும். வாங்கிக் கொடுத்த அப்பாவுக்குப் பிறகு பிள்ளை, பிள்ளைக்குப் பிறகு பேரன் என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதை வளர்க்கிறவர்களுக்கு என் யோசனை, விளக்குக் கடைக்குப் போகாதீர்கள் என்பதே. லண்டன்காரர் விளக்கு வாங்குகிறார் என்றால் அவருக்கு வெயில் இல்லை. நமக்கு என்ன வந்தது? தோட்டத்தில் மண் தரையில் இடம் விடுங்கள். இரண்டு அடி உயரத்துக்குச் சுவர் எழுப்புங்கள். பாதிக்கு வெயில் படட்டும், பாதிக்குக் கீற்றுப் போட்டு நிழல் செய்யுங்கள். நிழலில் மண்ணைக் குவித்து, கோடையில் தினமும் தண்ணீர் தெளியுங்கள். ஆமை அதில் தானே குடைந்துகொள்ளும். தாம்பாளம் போல ஆழமில்லாத பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். புல்லும் கீரையும் போடுங்கள், சோறு வேண்டாம். அடைமழையிலும் மார்கழிப் பனியிலும் இரவில் மட்டும் உலர்ந்த பெட்டியில் வைத்தால் போதும். குஞ்சாக இருந்தால் காக்கைக்கும் நாய்க்கும் எட்டாமல் மேலே வலை கட்டுங்கள்.

தோட்டம் இல்லையா? ஆரணியின் நெசவாளர் தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கிறது. தறிக்கே இடம் போதவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் ஆமைக்கு இடம் கிடையாது. பிள்ளை அழுதால் அழட்டும். மகாபலிபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை இருக்கிறது. 1976-ல் ஏற்பட்டது. அங்கே அல்டாப்ரா தீவு ஜாதியைச் சேர்ந்த ராட்சத ஆமைகளையே காட்டுகிறார்கள். ஒரு நாள் அழைத்துப் போங்கள்.

பெரியவர் கேட்டது

இவற்றில் பாதியை அன்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார். சட்டத்தைச் சொன்னபோது அவர் மருமகள் முகம் வெளுத்துவிட்டது. "ராத்திரியே ஏரிக்கரையில விட்டுடலாமா?" என்று கேட்டார்.

அதுவும் கூடாது என்றேன். எந்தக் காட்டில் பிடித்ததோ தெரியாது. தொட்டியில் இருந்தபோது என்ன நோய் தொற்றிற்றோ, அதுவும் தெரியாது. காட்டிலுள்ள மற்ற ஆமைகளுக்கு அது பரவலாம். மேலும் கால் ஊன்ற முடியாத ஆமை ஏரிக்கரையில் ஒரு நாள் தாங்குமா? 2018 நவம்பரில் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் பெங்களூருக்குத் திரும்பி வந்தன. வந்ததும் அவற்றை அப்படியே காட்டில் அவிழ்த்துவிட்டுவிடவில்லை. அதிகாரிகளே அவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள். வனச்சரக அலுவலகத்தில் போய் உள்ளதைச் சொல்லி ஒப்படையுங்கள். நாமாகப் போவதற்கும் பிடிபடுவதற்கும் வித்தியாசம் உண்டு என்றேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் ஆமையின் ஓட்டைத் தடவிக்கொண்டிருந்தார். இழையைத் தொட்டுப் பார்க்கும் அதே விரல்கள். "ஒரு வருஷமா பரணுக்குக் கீழ கெடந்துதே" என்றார். "எனக்கு ஏன் தோணல?"

மறுநாள் காலை அவரும் பேரனும் சைக்கிளில் போனார்கள். பத்து மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். பையன் அழுதிருந்தான். தொட்டி மட்டும் திரும்பி வந்தது. அது உண்மையில் ஊடைத் தார் போட்டு வைக்கும் தொட்டியாம். பாட்டி அதை வாங்கிக் கழுவி, வாசல் வெயிலில் கவிழ்த்து வைத்தார்.